90 ரூபாய் இட்லி, 145 ரூபாய் பொங்கல்: ஓர் ஏசி சைவ உணவகத்தின் காலை டிபன்

தென்சென்னையில் இருக்கிற கடை. பெயர் வேண்டாம். இதே மெனு, இதே பித்தளை டபரா, இதே விலையோடு அடையாறு, அண்ணா நகர், வேளச்சேரி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒன்று இருக்கிறது. சுவரில் கருப்பு வெள்ளைப் படங்கள், காரைக்குடித் தூண் மாதிரி மரவேலை, தட்டில் வட்டமாக வெட்டிப் போட்ட வாழை இலை. காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள். ஞாயிறு 9 மணிக்குப் போனால் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும்.

விலையை முதலில் சொல்லிவிடலாம். இரண்டு இட்லி 90, வெண்பொங்கல் 145, ஒற்றை மெதுவடை 65, நெய் ரோஸ்ட் 190, செட் தோசையும் கும்பகோணம் கடப்பாவும் 175, ஃபில்டர் காபி 80. வரி தனி.

இவ்வளவு கொடுக்கும்போது வீட்டு டிபனைத் தாண்டாவிட்டாலும் அதன் பக்கத்திலாவது வர வேண்டும். இங்கே இரண்டு பண்டம் தாண்டுகிறது, மற்றவை பின்தங்குகின்றன. உள்ளே இருப்பவர்களுக்குக் கை தெரியாது என்று சொல்ல முடியாது. அந்த நெய் ரோஸ்டைச் சுட்டவருக்கு நன்றாகவே தெரியும். நீங்கள் ஆர்டர் சொன்ன பிறகு அடுப்பில் ஏறுவது எது, விடிகாலை 5 மணிக்கே செய்து மூடி வைத்தது எது என்று பிரித்துப் பார்த்தால் மெனுவில் பாதிக்குமேல் விளங்கிவிடும்.

இட்லியிலிருந்து தொடங்கலாம். தட்டில் வந்தபோது பளிச்சென்று பெரிதாக, மேலே குமிழாக இருந்தது. பிட்டால்தான் விஷயம் தெரியும். சரியாகப் புளித்த மாவில் வெந்த இட்லியின் உள்ளே ஊசி முனை அளவு ஓட்டைகள் ஒரே சீராக இருக்கும், விரலால் அழுத்தினால் திரும்ப எழும். இதில் ஓட்டைகள் பெரிதும் சிறிதுமாக, அங்கங்கே லேசான மஞ்சள் தட்டியிருந்தது. மென்றால் கடைசியில் நாக்கில் ஒரு சவுக்காரக் கசப்பு. ஆப்ப சோடாவின் கைவரிசை அது. கூடவே அடிப்பக்கம் ஈரம் கோத்து, மேல்தோல் தடித்துப் போயிருந்தது. ஆவியிலிருந்து எடுத்து ஹாட் பாக்ஸில் கால் மணி நேரமாவது கிடந்த இட்லிக்கு இந்த இரண்டு அடையாளமும் வரும்.

சோடா ஏன் போடுகிறார்கள்? பெரிய கடைகளில் மாவை மொத்தமாக அரைத்துக் குளிர் அறையில் வைப்பார்கள். வெளியே புளிக்க விட்டால் நேரத்துக்கு நேரம் பக்குவம் மாறும். இத்தனை மணிக்கு இத்தனை தட்டு என்ற கணக்குக்கு அது சரிப்படாது. குளிரில் இருந்த மாவில் புளிப்பு மெதுவாகத்தான் ஏறும். அதை வாளி வாளியாக ஊற்றிக் கலக்கும்போது இருக்கிற கொஞ்ச வாயுவும் போய்விடும். எழும்பாத மாவை எழுப்ப ஒரு சிட்டிகை சோடா.

வீட்டில் இதற்கு வேண்டியது நேரம் மட்டும். இட்லி அரிசி நாலு பங்கு, முழு உருட்டு உளுந்து ஒரு பங்கு, கிலோ அரிசிக்கு இரண்டு டீஸ்பூன் வெந்தயம். அரிசி ஐந்து மணி நேரம் ஊற வேண்டும். உளுந்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அதற்குமேல் ஊறினால் அரைக்கும்போது மாவு காணாது. உளுந்தைக் கிரைண்டரில் அரைமணி நேரம், குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அரிசியைச் சன்ன ரவை பதத்தில் எடுத்து, கல் உப்புப் போட்டு, கையால் கரைத்து வைத்தால் சென்னை வெயிலுக்கு எட்டு மணி நேரம் போதும்; மார்கழியில் பன்னிரண்டு. சித்திரை வைகாசியில் ஆறு மணி நேரத்திலேயே பொங்கி வழியும், பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வைக்கக் கூடாது. பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: பொங்கிய மாவைக் காலையில் கரண்டி போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். ஓரத்திலிருந்து அப்படியே அள்ளித் தட்டில் விட வேண்டும். உள்ளே இருக்கிற காற்றுதான் இட்லியின் மென்மை. பத்து நிமிடம் ஆவி, இறக்கி இரண்டு நிமிடம் ஆற விட்டு எடுத்தால் ஒட்டாது. துணி போட்டு ஊற்றினால் இன்னும் நல்லது.

ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்தில் ஐம்பது இட்லிக்குக் குறையாமல் வரும். அரிசி கிலோ 50, உளுந்து கிலோ 140 என்று வைத்துக்கொண்டால் கேஸ், கரண்ட் எல்லாம் சேர்த்தும் ஓர் இட்லி இரண்டு ரூபாய் சொச்சம். கடையில் 45. வாடகை, சம்பளம், ஏசி, நீல நிற 19 கிலோ சிலிண்டர் என்று செலவு இருக்கிறது, யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த 45 ரூபாயில் மாவு புளிக்க ஆகும் எட்டு மணி நேரம் இல்லை என்பதுதான் வருத்தம்.

சாம்பாருக்கு வருவோம். இந்தக் கடையின் மிகப் பெரிய தோல்வி இதுதான். இட்லி, பொங்கல், வடை எல்லாமே இதில்தான் முங்கி எழ வேண்டும் என்பதால் மொத்த டிபனையும் இது கீழே இழுக்கிறது.

வந்தது ஒரு சின்னக் கிண்ணம். வாளியோடு சர்வர் சுற்றி வரும் பழக்கம் இங்கே கிடையாது. இரண்டாம் முறை கேட்டால் தருகிறார்கள், தட்டு பாதி காலியான பிறகு. கிண்ணத்தை ஐந்து நிமிடம் தொடாமல் வைத்துப் பாருங்கள். பருப்பால் கெட்டியான சாம்பாரென்றால் மேலே தெளிவு நிற்கும், பருப்பு அடியில் இறங்கும், கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினால் மறுபடி ஒன்றாகும். மாவு கரைத்து ஊற்றிய சாம்பார் அப்படிப் பிரியாது. ஆற ஆற மேலே ஏடு கட்டும், கிண்ணத்தின் ஓரத்தில் கஞ்சி மாதிரி ஒட்டும். இங்கே ஏடு கட்டியது. அரிசி மாவோ மைதாவோ, நாக்கில் அந்த வழவழப்பு தெரிகிறது. அதற்குமேல் மஞ்சள் பூசணியும் கேரட்டும் குழைய வெந்து கிடந்தன. வெல்லமும் சற்றுத் தூக்கல். கொத்தமல்லித் தழை கறுத்துப் போயிருந்தது. தழை கறுத்திருந்தால் அந்தச் சாம்பார் வெகுநேரமாகச் சூட்டிலேயே நிற்கிறது என்று பொருள்.

காலை 5 மணிக்கு வைத்த சாம்பார் 11 மணி வரை ஓட வேண்டும் என்றால் மாவு சேர்ப்பதைத் தவிர வழியில்லை என்பார் சமையல்கட்டைக் கவனிக்கும் சரக்கு மாஸ்டர். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வெறும் பருப்புச் சாம்பார் சூட்டில் நின்றால் அடி தட்டும், இறுகும், தண்ணீர் ஊற்றி இளக்க வேண்டி வரும், ஊற்றினால் உப்பும் புளியும் குன்றும். மாவு கரைத்தது அப்படியே நிற்கும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சின்ன அண்டாவில் புதிதாக வைக்கிற மெஸ்கள் இதே ஊரில் இருக்கின்றன, 40 ரூபாய்க்கு இட்லி போட்டுக்கொண்டு.

பெருங்காயத்தின் வாசனை அறவே இல்லை. அதற்கும் நேரம்தான் காரணம். பெருங்காய வாசனை சூட்டில் பறந்துபோகிற சரக்கு. தாளித்து அரைமணி நேரம் வரை மணக்கும், நாலு மணி நேரம் கொதி நிலையில் வைத்தால் எங்கே நிற்கும்?

டிபன் சாம்பார் வீட்டில் வைக்கிற விதம் இது, நாலு பேருக்கு. துவரம்பருப்பு 75 கிராம், பாசிப்பருப்பு 25 கிராம், மஞ்சள் தூள், நாலு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைய வேக வைக்கவும். பாசிப்பருப்பு கொஞ்சம் சேர்ந்தால் மாவே தேவையில்லாத வழவழப்பு தானாக வரும். புளி, நெல்லிக்காய் அளவு மட்டும். சாதத்துச் சாம்பாருக்குப் போடுவதில் பாதி. சின்ன வெங்காயம் பதினைந்து, உரித்து முழுசாக. தக்காளி ஒன்று.

வறுத்து அரைக்கக் கடலைப்பருப்பு ஒரு டேபிள்ஸ்பூன், தனியா ஒன்றரை டேபிள்ஸ்பூன், காய்ந்த மிளகாய் ஐந்து, வெந்தயம் கால் டீஸ்பூன், தேங்காய்த் துருவல் இரண்டு டேபிள்ஸ்பூன். இந்த வரிசையிலேயே சட்டியில் போட வேண்டும். கடலைப்பருப்பு சிவக்க நேரமாகும், முதலில் அது. வெந்தயம் நொடியில் கருகும். கருகினால் சாம்பார் முழுதும் கசக்கும், அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. தேங்காய் கடைசி, அடுப்பை அணைத்த சூட்டிலேயே போதும்.

வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, தக்காளி சேர்த்து, காய் இருந்தால் அதையும் போட்டு முக்கால் பதம் வெந்த பிறகுதான் புளித் தண்ணீர். முன்னாலேயே புளி விட்டால் காய் இறுகிப்போய் எவ்வளவு கொதித்தாலும் வேகாது. முருங்கைக்காயில் இது நன்றாகத் தெரியும். பச்சை வாசனை போகக் கொதித்ததும் அரைத்த விழுது, ஐந்து நிமிடம் கழித்துப் பருப்பு. பருப்பு விட்ட பிறகு தளதளவென்று கொதிக்க விடாமல், நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளிப்பது பரிமாறுகிற நேரத்தில். பருப்பு வெந்திருந்தால் மொத்தம் 25 நிமிட வேலை.

சட்னிகளில் சொல்ல அதிகமில்லை. தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலைதான் முக்கால் பங்கு, தேங்காய் பேருக்கு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு வந்தது; சூடான இட்லியில் ஜில்லென்ற சட்னியைத் தொட்டால் இரண்டும் கெடும். தக்காளிச் சட்னி பரவாயில்லை, வதக்கிச் செய்வது கொஞ்ச நேரம் தாங்கும் என்பதால். இட்லிப் பொடி கேட்டால் 25 ரூபாய் தனி, அதோடு வருவது நல்லெண்ணெய் கூட இல்லை, வாசனையே இல்லாத ஏதோ ரீஃபைண்டு எண்ணெய். இந்த விலைக் கடையில் இதைவிடக் கஞ்சத்தனம் வேண்டாம். நாட்டில் எந்த வீட்டில் பொடிக்கு ரீஃபைண்டு ஆயில் ஊற்றுகிறார்கள்?

வெண்பொங்கல் 145 ரூபாய். கிண்ணத்தில் அமுக்கித் தட்டில் கவிழ்த்த மேடு, உச்சியில் மூன்று முந்திரி, சுற்றிலும் மினுமினுவென்று நெய். பார்வைக்குக் குறையில்லை. கரண்டியால் வெட்டினால் கட்டியாகப் பெயர்ந்தது. பொங்கல் இளகி உட்கார வேண்டும், வெட்டுப்படக் கூடாது.

பொங்கல் ஆறினால் இறுகுவது அரிசி மாவுச் சத்தின் குணம், யார் செய்தாலும் அப்படித்தான். அதனால்தான் வீட்டில் இறக்கி இருபது நிமிடத்துக்குள் பந்தியில் உட்கார வைத்துவிடுவார்கள். கடையில் இறுகியதை வெந்நீர் விட்டுக் கிளறி மறுபடி இளக்குவார்கள். இரண்டாம் முறை இளக்கிய பொங்கலில் தண்ணீர் தனியாக, அரிசி தனியாக நிற்கும். நடுவில் ஆங்காங்கே கெட்டிக் கட்டிகள் கிடைக்கும். இங்கே கிடைத்தன.

நெய்யைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே ஊற்றியது நெய்தான், வாசனை வந்தது. உள்ளே கிளறியது நெய் இல்லை. பாதி சாப்பிட்டு அந்த இடம் ஆறியதும் மேல் அண்ணத்தில் மெழுகு பூசினாற்போல ஒட்டியது. அது வனஸ்பதி தருகிற உணர்வு. மேலே மட்டும் நெய் விட்டால் முதல் இரண்டு வாய்க்கு மணக்கும், அதோடு சரி. மிளகு முழுசாக, நெய்யில் பொரியாமல் வெந்து மட்டும் கிடந்தது. பொரியாத மிளகு பல்லில் பட்டால் காரம்தான் தெரியும், மணம் தெரியாது. எல்லாரும் ஓரமாக ஒதுக்கி வைப்பதும் அதனால்தான்.

சரியான அளவு: பச்சரிசி முக்கால் கப், பாசிப்பருப்பு கால் கப். பருப்பை வாசனை வரும்வரை மட்டும் வெறும் சட்டியில் வறுக்கவும், சிவக்க வேண்டாம். தண்ணீர் ஐந்து கப். பலர் நாலு கப் வைத்துவிட்டு, ஆறியதும் கல்லாகிவிட்டதே என்கிறார்கள். தண்ணீரில் ஒரு கப்பைப் பாலாக மாற்றினால் இன்னும் இளக்கம். குக்கரில் ஐந்து விசில், இறக்கியதும் சூட்டோடு மசித்து இரண்டு டேபிள்ஸ்பூன் நெய்யை உள்ளே கலக்க வேண்டும். பிறகு இன்னும் இரண்டு டேபிள்ஸ்பூன் நெய்யில் முந்திரி, சீரகம், பொடியாக நறுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை. மிளகில் பாதியை முழுசாகப் போட்டு அது வெடிக்கும்வரை பொறுக்கவும். மீதியை ஒன்றிரண்டாக இடித்துக் கடைசியில் தூவவும். மூன்று பேர் தாராளமாகச் சாப்பிடலாம். நல்ல நெய், நல்ல முந்திரி எல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்தாலும் ஆளுக்கு 25 ரூபாயைத் தாண்டாது.

அடுத்தது கும்பகோணம் கடப்பா. மெனுவில் பார்த்ததும் ஆசையாக இருந்தது, ஏனென்றால் சென்னையில் அரிதாகத்தான் கிடைக்கும். வந்தது கடப்பாவே இல்லை. சிவப்பாக, பட்டாணி, பீன்ஸ், கேரட் போட்ட வெஜிடபிள் குருமா. பூரிக்குக் கொடுப்பதையே வேறு பெயரில் வைத்திருக்கிறார்கள் என்பது பக்கத்து மேசைப் பூரியைப் பார்த்ததும் தெரிந்தது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கடப்பாவில் மிளகாய்த் தூள் சேராது. நிறம் வெளிர் மஞ்சள். உடல் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும். காரம் முழுக்கப் பச்சை மிளகாய்.

செய்வதும் எளிது. கால் கப் பாசிப்பருப்பை வேக வைக்கவும். இரண்டு உருளைக்கிழங்கை வேக வைத்துக் கையால் உதிர்க்கவும், கத்தியால் வெட்டினால் குழம்போடு சேராது. தேங்காய் அரை கப், பச்சை மிளகாய் ஐந்து, சோம்பு ஒரு டீஸ்பூன், பூண்டு மூன்று பல், பொட்டுக்கடலை ஒரு டேபிள்ஸ்பூன், கசகசா இருந்தால் அரை டீஸ்பூன், எல்லாம் நைசாக அரைக்கவும். எண்ணெயில் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை தாளித்து வெங்காயம் வதக்கி, பருப்பு, கிழங்கு, விழுது சேர்த்து ஒரு கொதி. பொட்டுக்கடலை இருப்பதால் ஆறினால் கெட்டிப்படும், சற்று நீர்க்கவே இறக்க வேண்டும். இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசந்துபோகும். இதைச் செய்வதற்கு குருமாவை விடச் செலவு குறைவு என்பதுதான் வேடிக்கை. 175 ரூபாய் வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள்.

இனி நல்லதைச் சொல்லலாம்.

நெய் ரோஸ்ட் 190 ரூபாய்க்குத் தகும். இதை வீட்டில் இப்படிச் சுட முடியாது, முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கடையின் தோசைக்கல் விரல் கனத்துக்கு இருக்கும், கீழே நீளமான பர்னர். குளிர்ந்த மாவை இரண்டு கரண்டி ஊற்றினாலும் அந்தக் கல்லின் சூடு இறங்காது. வீட்டுக் கல் மெல்லியது. மாவு விழுந்ததும் சூடு இறங்கிவிடும், தோசை ஒரே சீராகச் சிவக்காது. மாஸ்டர் ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் வழிப்பது, மேற்பரப்பின் சூட்டை மட்டும் சற்றுத் தணிக்க. அப்போதுதான் மாவு கல்லில் சுருண்டுகொள்ளாமல் காகிதமாக இழுபடும். இங்கே ரோஸ்ட் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே தேன் நிறம், தட்டுக்கு வந்து ஐந்து நிமிடம் ஆகியும் மொறுமொறுப்பு குறையவில்லை. நெய்யும் நெய்தான். உள்ளே மசாலா வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கிழங்கு காலையில் செய்தது, அதன் ஈரம் நல்ல ரோஸ்டை நடுவில் நமத்துப்போக வைக்கும்.

மெதுவடையும் நன்று, எண்ணெயிலிருந்து நேராக வந்தால். வாணலியில் எண்ணெய் நிறைய இருப்பது கடைக்குச் சாதகம்: வடை போட்டதும் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்காது, அதனால் வடை எண்ணெய் குடிக்காது. வீட்டில் கால் லிட்டர் எண்ணெயில் ஒரே நேரத்தில் ஐந்து வடை போட்டால் அத்தனையும் எண்ணெய் குடித்துவிடும். இரண்டிரண்டாகப் போட வேண்டும். கடையில் சர்வரிடம் "இப்போ போட்ட வடை இருக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. இல்லையென்றால் பத்து நிமிடம் காத்திருக்கலாம். சாம்பார் வடை மட்டும் வேண்டாம்: ஆறிப்போன வடைகள் போய்ச் சேரும் இடம் அது, கூடவே அந்தச் சாம்பார்.

வடை எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் போலார் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி, 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. மேசையிலிருந்து அதை அளக்க முடியாது. ஆனால் வடை வெளியே கருஞ்சிவப்பாக, உள்ளே வேகாமல் இருந்தாலோ, தின்ற பிறகு தொண்டையில் கரகரத்தாலோ எண்ணெய் பழசு என்று ஊகிக்கலாம். இங்கே அப்படி இல்லை. பொன்னிறம், சுத்தமான வாசனை.

காபி 80 ரூபாய். பித்தளை டபராவும் தம்ளரும் பளபளக்கின்றன. காபி கறுப்பு கூடி, கசப்பு நாக்கில் தங்குகிறது. இந்தக் கசப்பு காபிக் கொட்டையின் கசப்பு கிடையாது, சிக்கரியின் கசப்பு. சிக்கரி கூடினால் டிகாஷன் கனமாகத் தெரியும், நிறம் கொடுக்கும், குறைந்த தூளில் நிறைய தம்ளர் ஓடும். சட்டப்படி காபி சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதமாவது இருக்க வேண்டும். பாக்கெட்டில் விகிதத்தை எழுதவும் வேண்டும். அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி போட இடமிருக்கிறது, மேசைக்கு வரும் தம்ளரில் விகிதம் எழுதியிருக்காது. வீட்டில் 80க்கு 20 பழகிய நாக்குக்கு வித்தியாசம் முதல் மடக்கிலேயே தெரியும்.

பாலும் ஒரு காரணம். பெரிய பாத்திரத்தில் சிம்மில் மணிக்கணக்காகக் கொதிக்கும் பாலில் ஆடை வாசனை ஏறிவிடும். நல்ல காபிக்குப் பால் ஒரு முறை பொங்கியதும் எடுத்துவிட வேண்டும். டிகாஷனுக்கு ஃபில்டரில் மூன்று குவித்த டேபிள்ஸ்பூன் தூள், மேலே குடை மாதிரி காம்பு வைத்த தட்டை வைத்து லேசாக அழுத்தவும். பலமாக அழுத்தினால் இறங்காது, அழுத்தாமல் விட்டால் ஐந்தே நிமிடத்தில் நீர்த்து ஓடிவிடும். தளதளத்த தண்ணீர் 150 மில்லி. இருபது நிமிடத்தில் இறங்கும் முதல் டிகாஷன் மூன்று தம்ளருக்குச் சரி. இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றி இறக்குவது சாயம்தான், அதை முதலாவதோடு கலக்க வேண்டாம். 120 மில்லி தம்ளருக்குத் தூள், பால், சர்க்கரை எல்லாம் சேர்த்து 20 ரூபாய்க்குள் முடியும், நல்ல தூள் வாங்கினாலும்.

பில்லைப் பார்த்தால் இன்னொரு வேலை இருக்கிறது. மேலே சொன்ன பட்டியலில் ஒவ்வொன்றும் ஒன்று, காபி மட்டும் மூன்று என்று மூன்று பேர் சாப்பிட்டால் 905 ரூபாய். கேட்காமலே மேசையில் திறந்து வைக்கிற தண்ணீர் பாட்டில் 60. அதற்குமேல் 5 சதவீதம் சேவைக் கட்டணம், 48 ரூபாய் 25 காசு. இந்த மொத்தத்தின் மீது 5 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 1,064 ரூபாய். சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்தே வரி போடப்படுவதைக் கவனிக்க வேண்டும்.

ஜிஎஸ்டி கட்டித்தான் ஆக வேண்டும். 2017 நவம்பர் 15 முதல் சாதாரண உணவகங்களுக்கு, ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 5 சதவீதம்தான். அதற்கு முன் ஏசி உணவகத்தில் 18 இருந்தது. சேவைக் கட்டணம் அப்படி இல்லை. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. "சர்வீஸ் சார்ஜை எடுத்துடுங்க" என்று சொன்னால் போதும், சண்டை தேவையில்லை. கல்லாவில் மறுபேச்சில்லாமல் வேறு பில் போட்டுத் தந்தார்கள். தண்ணீர் பாட்டிலின் மேல் அச்சிட்ட விலையைக் காட்டிப் பேசுவது மட்டும் எடுபடாது. உணவகத்தில் உட்கார வைத்துப் பரிமாறும்போது அதற்குமேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. உட்கார்ந்ததும் சாதாரணத் தண்ணீர் போதும் என்று சொல்வதுதான் வழி. இரண்டையும் கழித்தால் அதே சாப்பாடு 950 ரூபாய்.

போகத்தான் போகிறீர்கள் என்றால் காலை 7 முதல் 8 மணிக்குள் போங்கள். அப்போது சாம்பார் புதிது, இட்லி முதல் ஈடு, பால் ஆடை கட்டியிருக்காது. ஞாயிறு 10 மணிக்கு மேல் என்றால் நெய் ரோஸ்ட், வடை, ஆனியன் ஊத்தப்பம் என்று கல்லிலும் வாணலியிலும் அப்போதே போடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். மினி டிபன் 260 ரூபாய். பொங்கல், இட்லி, கேசரி, வடை எல்லாம் முன்பே செய்து எடுத்து வைத்தவை, தோசை ஒன்றுதான் அப்போது சுடுவது, அதுவும் உள்ளங்கை அளவு. பார்சலும் வேண்டாம். அலுமினியப் பெட்டியில் மூடிய ரோஸ்ட் கால் மணி நேரத்தில் ஆவியில் நமத்துச் சப்பாத்தி மாதிரி மடங்கிவிடும், பெட்டிக்கு 10 ரூபாய் தனியாக வேறு.